படத்துக்கு நடுவே விரிந்த குடை

அநியாயத்தைக் கண்ணால் பார்த்தவரின் முகத்தை நீங்களும் பார்த்தால்தான் நம்புவீர்களா?

குடையக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் கேள்வியால்தான். காவல் நிலையத்தில் அடி வாங்கியவர்களுக்காக வழக்கு நடத்தும் சின்ன அமைப்பில் அவர் களப்பணியாளர். முதல் நாள் யார் வீட்டுக்குப் போனாலும் ஒன்றும் கேட்க மாட்டார். உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். நாலைந்து தடவை போனபின் அவர்களே பேசுவார்கள்.

அப்படிப் பேசியவர்தான் இஸ்திரியம்மா. ஸ்டேஷனுக்குச் சீருடைகளைத் தேய்த்துக் கொண்டுபோனபோது, ஒரு சுமைதூக்கியின் கையைப் போலீஸ்காரர்கள் முறித்ததைப் பின்கதவு வழியாகப் பார்த்துவிட்டார். அவர் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது.

"சட்டையில ஒரு சுருக்கம் விழக்கூடாதும்பாங்க. மனுஷனைச் சுருட்டிப் போட்டுட்டாங்க அக்கா. சாட்சி சொல்றேன். கோர்ட்டு வரைக்கும் என் முகம் வெளியே போகாதுல்ல?"

"போகாதும்மா."

அமைப்பு ஓடியது வெளியிலிருந்து வரும் நிதியில். மக்களாட்சியையும் மனித உரிமையையும் வளர்ப்பதற்கான நிதி அது. அதை நீட்டிக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அமைப்பின் இயக்குநர் பேனர் கட்டி, அதன் கீழே நாற்காலி போட்டு, அக்காவிடம் சொல்லாமலே இஸ்திரியம்மாவை வரவழைத்திருந்தார். தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா.

"ஒரே ஒரு படம். முகத்தை மங்கலாக்கிடலாம்," என்றார் அதிகாரி.

"போன தடவையும் ஒரு பொண்ணோட முகத்தை மட்டும்தான் சார் மங்கலாக்கினோம். பின்னாடி நின்ன தள்ளுவண்டியை விட்டுட்டோம். வண்டியை வெச்சே வீட்டைக் கண்டுபிடிச்சு மிரட்டினாங்க. அந்தப் பொண்ணு சாட்சி சொல்லவே வரலை," என்றார் அக்கா.

"விதி இருக்கேம்மா. படம் இல்லாத அறிக்கையை எடுத்துக்க மாட்டாங்க."

கேமரா உயர்ந்தது. மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குடையை எடுத்து அக்கா படக்கென்று விரித்தார். இஸ்திரியம்மா அதற்குப் பின்னால் மறைந்தார். பேனரெல்லாம் தண்ணீர்.

"அர்த்தராத்திரியில குடை பிடிச்சவனைக் கேள்விப்பட்டிருக்கேன்," இயக்குநர் பல்லைக் கடித்தார். "ஆபீசுக்குள்ள பிடிக்கறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்!"

"அற்பம்னே வெச்சுக்குங்க சார். வாக்குக் கொடுத்தவ நான்."

குடைக்குப் பின்னாலிருந்து முதலில் விசும்பல் வந்தது. அப்புறம் சிரிப்பு. "அக்கா, தண்ணி கழுத்துக்குள்ள இறங்குது."

நிதி நீட்டிக்கப்படவில்லை. முகத்தைக் காட்டச் சொல்லிக் கொடுக்கும் பணம் உரிமைக்குக் கொடுத்ததல்ல. கும்பிடு வாங்கக் கொடுத்தது. அமைப்பு இப்போது ஒரு வழக்கறிஞரின் மாடியறையில் நடக்கிறது. இயக்குநருக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் வழக்கு நாளில் அக்காவுக்கு முன்பே வந்து நிற்கிறார்.

இஸ்திரியம்மா சாட்சிக் கூண்டேறிவிட்டார். அன்று பின்வரிசை முழுக்க, அடித்தவர்களின் கூட்டாளிகள். அவரைப் பார்த்துச் செருமிக்கொண்டே இருந்தார்கள். பார்த்ததில் பாதியைத்தான் சொன்னார். அடுத்த வாய்தாவில் குறுக்கு விசாரணை.

உங்கள் ஊர் நீதிமன்றத்திலும் இப்படி ஒருவர் தனியாக நின்றுகொண்டிருப்பார். போங்கள். பணம் வேண்டாம், பேச்சும் வேண்டாம். அந்தப் பின்வரிசையில், மிரட்ட வருபவர்களுக்கு முன்பே போய் உட்காருங்கள். அவர் திரும்பிப் பார்க்கும்போது, "சொல்லும்மா" என்று ஒருமுறை தலையை அசையுங்கள்.