ஏப்ரலில் கழற்றிய ஆணி டயர்

ஹெல்கா நாற்பத்து நான்கு குளிர்காலம் சைக்கிள் ஓட்டியவள். வருஷத்தில் பாதி பனி மூடிக்கிடக்கும் ஊலு நகரத்தில் அதை யாரும் பெருமையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மைனஸ் இருபதில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள், பாதிரியார் போவார், நிறைமாதக்காரிகூடப் போவாள். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட விழாத ஆளைத் தேடினால் அகப்படுவது கஷ்டம். ஹெல்கா விழுந்ததில்லை.

அதற்குக் காரணம் பாதி அவள், பாதி வெய்யோ. வெய்யோ அவள் கணவன். நகராட்சியின் பனி தள்ளும் டிராக்டரை முப்பது வருஷம் ஓட்டினான். கார் போகும் சாலையில் அல்ல, சைக்கிள் பாதையில். ஹெல்கா பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஆறரை மணிக்குப் போயாக வேண்டும். ஆகவே அவள் போகும் பாதையைத்தான் அவன் முதலில் சுத்தம் செய்வான். மேற்பார்வையாளர் ஒருமுறை பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, எப்பப் பார்த்தாலும் அந்தப் பக்கமே ஆரம்பிக்கிற?"

"பள்ளிக்கூடத்துக்குப் போற பாதை. பிள்ளைங்க வரும்ல."

"ஆறு மணிக்கேவா வருது?"

"ஒண்ணு வரும். கொஞ்சம் பெரிய பிள்ளை."

மீதிப் பாதி ஹெல்காவின் நிதானம். அக்டோபர் கடைசியில், ஐஸைக் கவ்விக்கொள்ளச் சின்ன இரும்பு முளைகள் பதித்த ஆணி டயரை மாட்ட வைத்துவிடுவாள். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பாள், டயர் தரையில் பரந்து உட்காரும். இரண்டு காலும் தரையைத் தொடும்படி சீட்டை இறக்குவாள். ஐஸ்மேல் திரும்ப மாட்டாள், அழுத்தி மிதிக்க மாட்டாள், பிரேக் பக்கமே போக மாட்டாள். கைப்பிடியை நேராகப் பிடித்து உருள விட்டுவிடுவாள். கடுங்குளிருக்கு அவள் பயந்ததே இல்லை. மைனஸ் பதினைந்தில் இறுகிய பனி காய்ந்த பலகை மாதிரி டயரைப் பிடித்துக்கொள்ளும். அவளுக்குப் பயமெல்லாம் பூஜ்யத்தை ஒட்டிய நாட்கள்தான். பகலில் உருகி, ராத்திரியில் உறையும் நாட்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன் வெய்யோவுக்கு மறதி நோய் வந்தது. அடுப்பை அணைக்க மறந்தான், பிறகு வீட்டுக்கு வழி மறந்தான், பிறகு அவளை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆற்றுக்கு வடகரையில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. ஹெல்கா இருந்தது தென்கரையில், காவ்கொவைனியோ என்ற குடியிருப்பில். நடுவே ஆறரை கிலோமீட்டரும் நாலு பாலமும்.

அங்கே போனதிலிருந்து அவன் யார் கையாலும் சாப்பிடவில்லை. காலையிலும் மாலையிலும் ஒரு டம்ளர் பால்கஞ்சியை எப்படியோ குடிக்க வைத்துவிடுவார்கள். சாப்பாடு என்று இருந்தது பதினோரு மணிக்கு மட்டும்தான். அதுவும் ஹெல்கா ஊட்டினால்தான். தன் மனைவி என்று தெரிந்து சாப்பிட்டான் என்று சொல்வதற்கில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அவள் உள்ளே நுழையும்போது, நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"பாதை எப்படி?"

"மைனஸ் பன்னெண்டு. பனி நல்லா இறுகியிருக்கு. ரெண்டாவது பாலத்துல மட்டும் காத்து அள்ளிக் கொட்டியிருக்கு."

"யாரு தள்ளினது?"

"யாரோ புதுசு. ஓரத்துல வரப்பு மாதிரி விட்டுட்டுப் போயிருக்கான்."

"மடையன்" என்பான் வெய்யோ. என்றதும் வாயைத் திறப்பான். உருளைக்கிழங்கு மசியல், மீன் சூப், ஊறவைத்த கம்பு ரொட்டி, எதுவானாலும் தட்டு காலியாகிவிடும். இரண்டு குளிர்காலம் இப்படியே போனது. தினமும் பத்துக்குக் கிளம்பி, பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அங்கே நிற்பாள். தான் ஒருநாள் போகாவிட்டால் அவன் பட்டினி என்பதை நர்ஸ் ஏரிகா சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இந்த ஏப்ரலில் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை குடியிருப்பில் கூட்டு வேலை வைத்தார்கள். எல்லோரும் முற்றத்தில் இறங்கி, வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்கப் பாதையில் கொட்டிய பொடி ஜல்லியைக் கூட்டிக் குவித்தார்கள். நகராட்சி லாரியும் வந்து பாதைகளை வழித்துக்கொண்டு போனது. பிறகு முற்றத்திலேயே நெருப்பு மூட்டி சாசேஜ் சுட்டார்கள், காப்பி போட்டார்கள். கீழ்வீட்டு ஓய்வா, வெய்யோவின் பழைய கூட்டாளி, கையில் ஸ்பானரோடு சுற்றிக்கொண்டிருந்தான். வரிசையாக எல்லோருடைய சைக்கிளுக்கும் அவன்தான் டயர் மாற்றினான்.

"ஏ ஹெல்கா, உன் வண்டியைக் கொண்டா. காலைல நீ கிளம்பினா ஆணி தார்ல உரசி, எவனோ சட்டியில சாசேஜ் வறுக்கிற மாதிரி சத்தம் கேக்குது. எனக்குப் பசி வந்துடுது."

"இருக்கட்டும் ஓய்வா. மே மாசம் வரைக்கும் போட்டுக்கறேன்."

"தார் ரோட்டுல ஓட்டி ஆணியெல்லாம் மொட்டையாப் போச்சுன்னா அடுத்த வருஷம் என்ன பண்ணுவ? பாரு, பாதிரியார் வீட்டம்மாகூட மாத்திட்டாங்க. உனக்குக் கடவுள்மேல நம்பிக்கை இல்லையா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹெல்காவும் சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெய்யோ வீட்டில் இருந்த காலத்தில் மே ஒன்றுக்கு முன் அவன் டயரைத் தொட விட்டதில்லை. பின்குளிர் ஒன்று பாக்கி இருக்கிறது, அது வந்து போகட்டும் என்பான். அது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. வெயில் முதுகில் உறைத்தது, சாசேஜ் மணத்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மழை பெய்தது. செவ்வாய் காலை வெப்பமானி மைனஸ் ஆறு காட்டியது.

ஜன்னலில் நின்று அவள் யோசித்தாள். ஆணி டயர் நிலவறையில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட அவள் கைக்கு வலுவில்லை. ஓய்வா நேற்றே காட்டுக்குடிலுக்குப் போய்விட்டான். நடந்து போக முழங்கால் விடாது. பஸ் நகரத்துக்குள் போய், அங்கே மாறி, சுற்றிக்கொண்டு போகும். நேற்று மழையில் எல்லா பஸ்ஸும் தாமதம். டாக்ஸிக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. பாதையெல்லாம் கண்ணாடியாக இருக்கும், ஜல்லியும் இல்லை. ஆனாலும் மைனஸ் ஆறுதானே, எத்தனை மைனஸ் ஆறைப் பார்த்தாயிற்று. ஒன்பது மணிக்கே கிளம்பினாள்.

நன்றாகவே ஓட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பாலங்களில் இறங்கித் தள்ளினாள். உருகின தண்ணீர் வழிந்து உறைந்திருந்த சுரங்கப் பாதைச் சரிவில் ஓரத்துப் புல்லை மிதித்தே நடந்தாள். ஆபத்தான இடமெல்லாம் தாண்டியாயிற்று. நேர்பாதை, வெறும் தார், காய்ந்த மாதிரி கறுப்பாகத் தெரிந்தது. ஏறி உட்கார்ந்தாள். நெடுஞ்சாலை இரைச்சலைத் தடுக்கும் சுவரின் நிழல் விழுந்த இடத்தில் ஒரு முயல் குறுக்கே ஓடியது. பாதி வெள்ளை, பாதி பழுப்பு. பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வண்டி அது; அவள் கால் தானாகவே பின்னால் அழுத்தியது. ஆணி டயராக இருந்திருந்தால் ஒரு கீறல் சத்தத்தோடு நின்றிருக்கும். பின்சக்கரம் பக்கவாட்டில் போயிற்று. இடது இடுப்பு தரையில் மோதிய சத்தம் அவளுக்கே கேட்டது.

நாயோடு வந்த ஒரு பெண் ஓடிவந்து போனை எடுத்தாள்.

"அசையாதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"முதல்ல இந்த நம்பருக்குப் போடும்மா. ஹெல்கா இன்னைக்கு வரமாட்டான்னு சொல்லு. பதினோரு மணிக்குச் சாப்பாடு."

"ரத்தம் வருதுங்க உங்களுக்கு."

"அது வரட்டும். நீ போடு."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை செய்து கம்பி வைத்தார்கள். எலும்பு உளுத்துப்போயிருக்கிறது, இனி சைக்கிள் என்ற பேச்சே வேண்டாம் என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்ததும் ஹெல்கா ஏரிகாவுக்குப் போன் செய்தாள்.

"சாப்பிட்டாரா?"

"வாயே திறக்கல. நாளைக்குப் பார்ப்போம்."

மறுநாளும் திறக்கவில்லை. நாலாம் நாள் பால்கஞ்சியையும் தட்டிவிட்டான். ஆறாம் நாள் எடை இரண்டரை கிலோ குறைந்திருந்தது. ஏரிகாவின் குரல் தாழ்ந்தது.

"டாக்டர் உங்ககிட்ட பேசணும்கிறார். வற்புறுத்தி ஊட்டக் கூடாதாம், குழாயும் போட மாட்டாங்களாம். இந்த நிலைமையில..."

"இரு. அவர் ஏதாவது கேக்கறாரா?"

"பாதை எப்படின்னு கேக்கறார். நான் நல்லாயிருக்குன்னு சொல்றேன். உடனே மூஞ்சியத் திருப்பிக்கறார்."

"நல்லாயிருக்குன்னா? அது ஒரு பதிலா? நீ எதுல வேலைக்கு வர?"

"கார்ல. எனக்கென்ன தெரியும்?"

ஹெல்கா படுக்கையிலிருந்து ஜன்னலைப் பார்த்தாள். கீழே பாதையில் சைக்கிள்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எவ்வளவு வேகமாகப் போகிறார்கள், வளைவில் இறங்கித் தள்ளுகிறார்களா என்று கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"எழுதிக்க. பிளஸ் ஒண்ணு. நடுவுல ஈரம், ஓரத்துல பழைய ஐஸ். ஜல்லிய முன்னாடியே அள்ளிட்டாங்க. யாரு அள்ளினதுன்னு கேப்பார். தெரியாதுன்னு சொல்லாத. நகராட்சியில ஒரு அவசரக்காரன்னு சொல்லு."

அரை மணி கழித்து ஏரிகா கூப்பிட்டாள். அவள் குரலில் சிரிப்பும் அழுகையும் இருந்தன. "மடையன்னு சொல்லிட்டு ஒன்பது கரண்டி சாப்பிட்டார் ஹெல்கா!"

அதிலிருந்து தினமும் பத்தரைக்கு ஹெல்கா போனில் பாதையைச் சொன்னாள். ஏரிகா எழுதிக்கொண்டாள். தட்டு பாதி காலியாயிற்று, பிறகு முக்கால். ஆஸ்பத்திரியிலிருந்து ஹெல்காவை நடைப் பயிற்சி வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னலில் சுவர்தான் தெரிந்தது, ஹெல்கா குத்துமதிப்பாகச் சொன்னாள். மே மாத நடுவில் ஒருநாள் ஏரிகா, "இனிமே சிரமப்படாதீங்க, அவர் இப்பெல்லாம் கேக்கறதே இல்ல, என்னைப் பார்த்ததும் வாயத் திறந்துடறார்" என்றாள். நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். ஹெல்காவும் நல்ல செய்தியாகத்தான் வாங்கிக்கொண்டாள். அன்று பயிற்சிக்குக் கூப்பிட வந்தபோது உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் இரண்டாவது வாரம் பிடித்து ஊன்றி நடக்கும் தள்ளுவண்டியோடு டாக்ஸியில் போய் இறங்கினாள். வெய்யோவுக்குச் சதை பிடித்திருந்தது. முகம் மழித்து, சட்டை பொத்தான் சரியாகப் போட்டிருந்தது. சால்மன் மீனும் உருளைக்கிழங்கும் போட்ட சூப். ஹெல்கா பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள்.

அவன் வாயைத் திறக்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாதை நல்லாக் காஞ்சிருக்கு, வெய்யோ" என்றாள். "பதினெட்டு டிகிரி. எங்கயும் ஒண்ணும் இல்ல."

அவன் கரண்டியைக் கையால் விலக்கினான். சூப் அவள் சட்டைக் கையில் சிந்தியது. ஏரிகா உள்ளே வந்ததும் அவன் முகம் திரும்பியது.

"இந்தம்மாவ அந்தப் பக்கம் உக்காரச் சொல்லு" என்றான்.

ஏரிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னைக்குக் களைப்பா இருக்கார். இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்க."

"ஆறிடும். நீயே குடு" என்று ஹெல்கா கரண்டியை நீட்டினாள். எழுந்திருக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

வெய்யோ ஒழுங்காகச் சாப்பிட்டான். கடைசியில் தட்டைச் சாய்த்துக் காட்டி, "பாருங்க, ஒரு சொட்டு மிச்சமில்ல" என்றாள் ஏரிகா. எல்லோருடைய உறவினர்களுக்கும் அவள் அப்படித்தான் காட்டுவாள்.

"நல்லது" என்றாள் ஹெல்கா.

டாக்ஸி வர நாற்பது நிமிஷம் இருந்தது. ஏரிகா ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தாள். வெய்யோ நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான். ஹெல்கா சட்டைக் கையைத் துடைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தாள்.