பின்வேலிப் பொட்டு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு என் கை பிடித்ததெல்லாம் ரயில் பாதை வேலைக்குரிய அலவாங்கு, அந்த இரும்புக் கடப்பாரைதான். விரல்கள் பேனாவுக்கு மடங்க மறுக்கின்றன. எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கதைப்பதிலும் நான் கெட்டிக்காரன் அல்ல. நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு வாய் வராது. அத்தான் இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, பந்தலில் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றேன். கதிரையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பெண்சாதியைச் சுட்ட ஆமிக்காரன். கடைசியிலை தானும் போய்ச் சேர்ந்திட்டான்." அவருக்கும் என் கையால்தான் தேத்தண்ணீர் கொடுத்தேன். அன்று சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணப் பக்கம். கிளிநொச்சியில் குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேட்டு வந்தவர்கள். அத்தானுக்குக் கிடைத்த காணியில் பாதி காடு. அதை வெட்டி வயலாக்கி நெல் காணும் வரைக்கும் சோற்றுக்கு வழி வேண்டும். கலியாணம் முடிந்த அடுத்த வருடம், 1950இல், அவர் பட்டாளத்தில் சேர்ந்தார்.

"கொஞ்சக் காலம்தான். காணி திருந்தினவுடனை வந்திடுவன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். காணி திருந்திற்று. பிள்ளைகள் இரண்டு பிறந்தார்கள். அவர் வர ஒன்பது வருடமாயிற்று.

அந்த ஒன்பது வருடமும் வயலைப் பார்த்தவள் அக்கா. உழவுக்கு ஆள் பிடிப்பாள். விதைப்புக்கு நிற்பாள். எங்கள் பக்கத்தில் வயல் வேலியைப் பங்கு போட்டிருப்பார்கள். தன் பங்கை அடைக்காதவனுடைய இடத்தால் மாடு புகுந்தால், எல்லாருடைய பயிரும் போகும், எல்லாருடைய ஏச்சும் அவனுக்கு விழும். வயிற்றில் பிள்ளையோடு அக்கா காட்டுக்குப் போய்க் கம்பு வெட்டி வந்து தன் பங்கை அடைத்ததை நான் கண்டிருக்கிறேன். நான் மாங்குளத்தில் ரயில் பாதை வேலையில் இருந்தேன். சனிக்கிழமைகளில் வந்து என்னால் முடிந்ததைச் செய்து கொடுப்பேன். மற்ற நாட்களில் அவள் தனி.

அத்தான் வருடத்தில் இரண்டு தடவை லீவில் வருவார். அவர் வரும் நாள் ஒரு கொண்டாட்டம், கறிச் சாப்பாடு. சேவல் அடிபடும். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் கூச்சம் தெளிந்து அவருடைய மடியில் ஏறும் நேரம், அவர் றங்குப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வெளிக்கிட்டுவிடுவார்.

தமிழரைத் தேடித் தேடி அடித்த ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தின்போது அவர் தென்பகுதியில் காவல் கடமையில் இருந்தார். பல நாட்களாகத் தகவல் இல்லை. அக்கா சமைத்தாள், வயலுக்குப் போனாள், ஆனால் அவள் சாப்பிட்டதை நான் காணவில்லை. பிறகு உயிரோடு இருக்கிறார் என்று செய்தி வந்தது. அடுத்த லீவில் வந்தபோது, அங்கே என்ன நடந்தது என்று அயலவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். "ஒண்டுமில்லை" என்றார். அந்த ஒரு சொல்தான்.

அதற்கடுத்த வருடம் பட்டாளத்தை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். இனி எல்லாம் சரி என்று நாங்கள் நினைத்தோம்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். ஆனால் அவருக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. விடிய முதல் எழும்புவார். போர்வைகளை ஓரம் ஓரமாகப் பிடித்து மடிப்பார். பிள்ளைகளும் அப்படியே மடிக்க வேண்டும். சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும். உப்பு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு எழும்புவார்.

வேலிகளையும் அவற்றின் கதியால் கம்புகளையும் நேராக்கினார். பக்கத்துக் காணிக்காரர் வாசல் படலையில் நின்று கேட்டார்:

"என்ன ஆமிக்காரர், உங்கடை கதியால் எல்லாம் அட்டென்ஷனிலை நிக்குது? நாங்கள் இந்தப் பக்கத்தாலை போகேக்கை சலூட் அடிக்க வேணுமோ?"

"முதல்லை உம்மடை மாட்டை அட்டென்ஷனிலை நிப்பாட்டும், பிறகு பாப்பம்" என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது குறைவு. அதனால் இது நினைவில் நிற்கிறது.

வந்த கிழமையே அக்காவிடம் சொன்னார்: "நீர் இவ்வளவு காலமும் பட்ட பாடு போதும். இனி வயலுக்குப் போகத் தேவையில்லை. நான் இருக்கிறன்."

அன்பாகத்தான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா "ஓம்" என்றாள். உடனே எழும்பிக் குசினிக்குள், அடுப்படிக்குப் போனாள்.

ஒரு நாள் வாய்க்கால் தண்ணீர் திறந்துவிடுகிறவர் படலைக்கு வந்து, வழக்கம் போல, "தங்கச்சி!" என்று கூப்பிட்டார். அத்தான் வெளியே போனார்.

"என்னட்டைச் சொல்லுங்கோ."

"மேல் வாய்க்கால் உடைச்சுப்போட்டுது. உங்கடை முறையை மாத்த வேணும். உங்களுக்கு எண்டைக்கு முறை?"

அத்தானுக்குத் தெரியவில்லை. குசினிக்குள் இருந்து அக்கா மெல்லிய குரலில், "வியாழன்" என்றாள்.

"வியாழன்" என்றார் அத்தான், தானே சொல்வது போல.

வந்தவர் குசினிப் பக்கம் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், பிறகு சைக்கிளில் ஏறிப் போனார்.

சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் காதுக்குள் சொல்வதாக நினைத்துப் பலமாகக் கேட்டாள்: "அம்மா, இவர் எப்ப திரும்பிப் போவார்?"

அத்தான் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். போய்க் கம்பு வெட்டத் தொடங்கினார். வேலிதான் அவருக்குப் புகலிடம் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஏன் வேலி என்பதை அவரே ஒரு நாள் சொன்னார். வேலி அடைக்கிற அலம்பல் கொப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்ற என்னிடம், முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"தம்பி, அந்தக் கலவரத்திலை எங்களை ஒரு தெருவிலை காவலுக்கு விட்டவங்கள். நாங்கள் முன்பக்கத்திலை நிண்டம். கலவரக்காரர் பின்வேலியாலை பூந்திட்டாங்கள். ஒரு சின்னப் பொட்டுத்தான். நாய் போற அளவு. அந்த வீட்டிலை ஒருத்தரும் மிஞ்சேல்லை."

அடுத்த அலம்பலுக்குக் கை நீட்டினார். வேலியில் ஓட்டை இருந்தால் அவருக்கு நித்திரை வராது என்பது மட்டும் விளங்கியது.

வீட்டின் பின்வேலியில், பாலை மரத்தடியில், ஒரு பொட்டு இருந்தது. குனிந்து போகும் அளவு. அதற்கு இந்தப் பக்கம் மரவள்ளித் தோட்டம், அந்தப் பக்கம் வாய்க்கால் வரம்பு. அத்தான் அதை அடைத்தார். இரண்டு நாளில் அலம்பல் விலகிக் கிடந்தது. திரும்ப அடைத்தார், இந்தத் தடவை முள்ளும் வைத்து. அதுவும் விலகிக் கிடந்தது. மரவள்ளி கிண்டிக் கிடந்தது. ஈரமண்ணில் பன்றிக் குளம்பு பதிந்திருந்தது. பொட்டின் அடிநிலம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"பாத்தியே தம்பி, எத்தினை வருசமாய்ப் பழகின தடம்" என்று அந்தச் சனிக்கிழமை எனக்குக் காட்டினார்.

பழகின தடம்தான். பன்றி பிறகு பழகியது. முதலில் பழகியவள் அக்கா.

படலையால் போய்ச் சுற்றி வயலுக்குப் போவதென்றால் நேரம் போகும், தூங்கும் பிள்ளைகளையும் விட்டுப் போக முடியாது. பொட்டால் போனால் பிள்ளை அழுதால் கேட்கும். அதனால் அந்த வழியை அவள்தான் உண்டாக்கினாள். அத்தான் வயலுக்குப் போக வேண்டாமென்று சொன்ன பிறகும், விடிய எழும்பி, அவர் கிணற்றடியில் முகம் கழுவும் நேரத்துக்குள் அதனால் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். அவர் அடைத்த முள்ளை அவள்தான் விலக்கினாள். இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அது தன்னுடைய வழி என்று அவள் அவரிடம் சொல்லவில்லை. அதைப் பன்றியின் வழி என்று நினைத்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. இருவரும் அந்தப் பொட்டை மாறி மாறி அடைத்தும் திறந்தும் கொண்டிருந்தார்கள்.

நெல் பால் பிடித்திருந்த காலம் அது. பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற விஷயம், சட்டம் இடம் கொடாவிட்டாலும். துவக்கு என்கிற துப்பாக்கியைக் கட்டைகளில் கட்டி, விசையில் இருந்து ஒரு நூலைத் தடத்துக்குக் குறுக்கே இழுத்துவிடுவார்கள். நூலில் கால் பட்டால் வெடிக்கும். வைப்பவன் அயற்காணிக்காரர் எல்லாருக்கும் போய்ச் சொல்ல வேண்டும். அது கட்டாயம். அத்தான் அதை ஒழுங்காகச் செய்தார். சனிக்கிழமை பின்னேரம் ஒவ்வொரு படலையிலும் நின்று, "பாலை மரத்தடியிலை கட்டியிருக்கிறன், வரம்பாலை வராதேங்கோ" என்று சொன்னார். ஆண்கள் ஆண்களுக்குச் சொல்வதுதான் வழக்கம். எனக்கும் சொன்னார். பிள்ளைகளிடம், "பின்வேலிப் பக்கம் போகக் கூடாது" என்றார். அவர் கட்டளைகளுக்குக் காரணம் கேட்கப் பிள்ளைகள் பழகியிருக்கவில்லை.

அக்காவுக்குச் சொல்லவில்லை. அவள் வயலுக்குப் போவதில்லை என்றே அவர் நம்பியிருந்தார். வீட்டுக்குச் சொல்லாமலா இருப்பார் என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம்.

மறுநாள் விடிந்துகொண்டு வரும்போது வெடிச் சத்தம் கேட்டது. அத்தான் கிணற்றடியில் இருந்து, "பட்டிட்டுது!" என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பிறகு அவருடைய குரல் நின்றுவிட்டது.

அக்கா பொட்டுக்குள் பாதி, வெளியே பாதியாகக் கிடந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்திருந்தது. அவள் கத்தவில்லை. அத்தானைப் பார்த்து, "நெல்லைப் பாக்கத்தான் போனனான்" என்றாள். பிழை செய்து பிடிபட்ட பிள்ளை மாதிரிச் சொன்னாள். அதை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு அத்தான் செய்ததெல்லாம் பட்டாளத்தில் பழகியது. சாரத்தைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினார். கதவைக் கழற்றி அதில் கிடத்தினார். பக்கத்துக் காணிக்காரர் ட்ராக்டர் கொண்டுவந்தார். ட்ராக்டர் பெட்டிக்குள் அத்தான் அவளுடைய காலை உயர்த்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். அவர் அப்படிக் கட்டியிராவிட்டால் அக்கா வழியிலேயே போயிருப்பாள் என்று டாக்டர் சொன்னார். உயிர் தப்பியது. கால் தப்பவில்லை.

பொலிஸ் வந்து அக்காவிடம் கேட்டபோது, "அவர் பண்டிக்குத்தான் கட்டினவர். நான் சொல்லாமல் போனது" என்றாள். அத்தான், "இல்லை. நான்தான் சொல்லாமல் கட்டினது" என்றார். சில மாதம் அத்தானை மறியலில், சிறையில் வைத்தார்கள். நான் பார்க்கப் போனேன். மெலியவில்லை, முகம் தெளிவாக இருந்தது.

"இஞ்சை நித்திரை வருகுது, தம்பி" என்றார். "வேலி இல்லை. மதில்."

அவர் திரும்பி வந்தபோது அக்கா கவைத்தடியில் நடக்கப் பழகியிருந்தாள். வயலை நானும் அயலவர்களும் பார்த்தோம், அக்கா வீட்டில் இருந்து என்ன செய்ய வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான் வந்த அன்று குசினி வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை.

"இஞ்சாருங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்றாள் அக்கா.

"அது உம்மடை வழி எண்டு எனக்குத் தெரியாது" என்றார் அவர்.

"உங்களுக்கு ஆர் சொன்னது? நான் சொல்லேல்லையே."

அவர்கள் அதைப் பற்றிக் கதைத்தது அவ்வளவுதான், எனக்குத் தெரிய.

அடுத்த நாள் அத்தான் அலவாங்கை எடுத்துக்கொண்டு பின்வேலிக்குப் போனார். பொட்டை அடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை வெட்டி அகலமாக்கினார். இரண்டு பக்கமும் பாலைக் கட்டை நட்டார். கவைத்தடி வழுக்காதபடி கல் பரவினார். அக்காவைக் கூப்பிட்டு நடந்து பார்க்கச் சொன்னார். அவள் போனாள், குனியாமல். வரம்பில் நின்று வயலைப் பார்த்தாள். அவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்.

இரவிலும் அது திறந்தே கிடக்கும். அவரால் அந்த வீட்டில் தூங்க முடியவில்லை. சில நாட்கள் கழித்து வவுனியாவில் ஒரு நெல் களஞ்சியத்தில் காவல் வேலை எடுத்துக்கொண்டு, பழைய றங்குப் பெட்டியோடு போய்விட்டார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் வந்தால் சேவல் அடிபடும். பிள்ளைகள் ஸ்டேஷன் வரை போய்க் கூட்டிவருவார்கள். அக்கா தலை இழுத்துச் சீவி, நல்ல சேலை உடுத்தியிருப்பாள். இரண்டு நாள் சிரிப்பும் கதையுமாக இருக்கும். மூன்றாம் நாள் அவர் போவார். எட்டு வருடம் அப்படி நடந்தது. அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது லீவு மட்டும்தான். அதையாவது அவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள்.

போன மாதம் அவர் களஞ்சிய வாசலில் கதிரையில் இருந்தபடியே இறந்துபோனார்.

பந்தலில் கதைத்த அந்த மனிதருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான். சுட்டது உண்மை. பிறகு அந்த வேலியைத் திறந்துவிட்டுப் போனதும் உண்மை. எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் காலை, பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, அக்கா கவைத்தடியை எடுத்துக்கொண்டு பொட்டால் வயலுக்குப் போனாள். நான் கூட வரட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம், நீ போய்ப் பிள்ளையளைப் பார்" என்றாள்.

மாங்குளம்,
1968 ஐப்பசி 27.