மீன் வாடை இல்லாத மெஷின்

தேங்காய்ப்பட்டணத்தில் மீன் எடுத்துப் புதுக்கடைச் சந்தையில் விற்பவள் நான். மீன் சருவத்தைத் தலையில் வைத்து ஏற்றம் ஏறும்போது சில நாட்களாகக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில், இதயத் துடிப்பைப் பதியும் சின்ன மெஷினை நெஞ்சில் ஒட்டி, “நனைக்காமல் ஒருநாள் முழுக்க எப்போதும்போல வேலை பாருங்கள்” என்றார் டாக்டர்.

மீன் தண்ணீர் பட்டுவிடுமோ, நாற்றத்தோடு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று பயந்து, துவைத்த சேலை உடுத்திக் கட்டிலிலேயே கிடந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கோளாறு எதுவும் பதியவில்லை. நிம்மதியாகக் கிளம்பிய என்னை, மெஷினைக் கழற்றிய நர்ஸ் நிறுத்தினாள்.

“அக்கா, நேத்து சந்தைக்குப் போவல்லியா? மெஷின்ல மீன் வாடையே இல்லியே?”

“நனஞ்சிரும்னு கட்டில்லயே கெடந்தேன் மக்கா.”

“அப்போ கட்டில்ல கெடந்த நெஞ்சத்தானே இது பாத்திருக்கு? சருவம் சுமக்குற நெஞ்சப் பாக்கண்டாமா?”

மறுபடியும் ஒட்டினார்கள். இந்த முறை சேலைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். ஏற்றம் ஏறிய நேரத்தில் இதயம் சில நொடிகள் நின்று, பிறகு துடித்தது பதிவாகியிருந்தது. பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

முன்பெல்லாம் குளித்துப் பவுடர் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். இப்போது பரிசோதனை என்றால் சந்தையிலிருந்து நேராகப் போய்விடுகிறேன். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும்.