கல்லறைக்கு ஒரு தகர விளக்கு

நான் தகரம் வெட்டக் கற்றுக்கொண்டது வீம்பினால். வில்லியனூர்ச் சந்தையில் தகர வேலை செய்கிறவர் ஒருவர் இருந்தார். எண்ணெய்ப் புனல், குவளை, சிம்னி விளக்கு எல்லாம் செய்வார். அவரிடம் போய், காற்றும் மழையும் புகாமல் உள்ளே ஒரு மெழுகுவத்தி நின்று எரிகிற மாதிரி தகரத்தில் சின்னக் கூடு ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.

"கல்லறைக்கா? செத்தவங்களுக்கு இன்னாத்துக்குபா இவ்ளோ பந்தோபஸ்து? ஒரு மெழுவத்தி ஏத்தினா போதாதா?" என்று சிரித்தார்.

கெட்ட மனுஷர் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீ ஒண்ணும் செய்ய வேணாம், நானே செஞ்சிக்கிறேன். பழைய கத்தரி இருந்தா ஒண்ணு குடு, அது போதும்" என்றேன். மொக்கைக் கத்தரி ஒன்றை எடுத்துப் போட்டார், "கைய வெட்டிக்காத" என்ற ஆசீர்வாதத்தோடு.

என் மனைவிக்கு இருட்டு என்றால் பயம். பாம்புக்குப் பயப்பட மாட்டாள், பண்ணைக்காரருக்குப் பயப்பட மாட்டாள், இருட்டுக்கு மட்டும் நடுங்குவாள். அதனால் எங்கள் வீட்டில் சிம்னி விளக்கு விடிய விடிய எரியும். அவள் காய்ச்சலில் போய்விட்ட பிறகு நான் விளக்கு ஏற்றுவதையே விட்டுவிட்டேன். கஞ்சி குடிக்கிற ஆளுக்கு வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாதா என்ன.

ஆனால் ஏரிக்கரைக்கு அப்பால் இருந்த கல்லறையில் அவள் இருட்டில் கிடக்கிறாள் என்பது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலமாவது அவள் தலைமாட்டில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் திருநாளோ ஐப்பசி அடைமழையில்தான் வரும். மெழுகுவத்தி ஏற்றுவார்கள், காற்று ஊதி அணைக்கும், ஏற்றியது ஏற்றியதுதான் என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். முதல் வருஷம் நான் வீட்டுச் சிம்னி விளக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். சூடேறிய கண்ணாடியில் ஒரு தூறல் விழுந்ததும் படாரென்று விரிந்துவிட்டது. அரிக்கேன் விளக்கு இரவல் கேட்கலாம் என்றால், கல்லறைக்கு எவன் விளக்குக் கொடுப்பான்? அதனால்தான் தகரம்.

கடையில் காலி கிருஷ்ணாயில் டின் ஒன்று வாங்கி வந்தேன். சாம்பலும் வெந்நீரும் போட்டுக் கழுவினேன். மேல் தட்டையும் அடித் தட்டையும் உளியால் பெயர்த்து, ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி விரித்தேன். இரும்புச் சுத்தியால் அடித்தால் தகரம் சொட்டை விழுந்துபோகும். மரக்கட்டையால்தான் தட்டிச் சமமாக்க வேண்டும். இதெல்லாம் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆள் கிடையாது. ஒவ்வொன்றையும் கெடுத்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கத்தரியை நுனிவரை மூடினால் ஒவ்வொரு கடிக்கும் ஒரு பிசிறு நிற்கும். முக்கால் வாய் மூடி, தகரத்தை விடாமல் முன்னே தள்ளிக்கொண்டே போனால் கோடு நேராக வரும். வெட்டிய பாதி மேலே துள்ளிக்கொண்டு வந்து மணிக்கட்டைக் கீறும். மறுமுனையைப் பிடிக்க ஒரு கை இருந்தால் எவ்வளவோ லேசு. நான் அதைக் காலால் மிதித்துக்கொண்டு வெட்டினேன். "கொஞ்சம் இதப் புடி" என்று இரண்டு தடவை வாய் தவறி அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் உள்ளங்கை கிழிந்தது. மஞ்சள் வைத்து, துணியைச் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்போது வந்த அழுகை காயத்துக்காக வந்தது இல்லை.

முதல் கூடு வீணாகிப் போனதற்குக் காரணம் என் விவசாய புத்தி. நான் பண்ணைக்காரர் நிலத்தை வாரத்துக்கு உழுகிறவன், விளைச்சலில் அவருக்குப் பங்கு அளக்க வேண்டும். எங்கள் பக்கம் நிலம் அளக்கும்போது வரப்பை விட்டுவிட்டுத்தான் அளப்போம். விளையாத மண்ணுக்கு எவன் வாரம் அளப்பான்? அந்தப் பழக்கத்தில் தகரத்தையும் அப்படியே அளந்துவிட்டேன். மெழுகுவத்தி நிற்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுக்கு நாலு சுவரையும் கச்சிதமாக வெட்டி எடுத்தேன். மடக்கிச் சேர்த்தால் ஒன்றோடு ஒன்று கோத்துப் பிடிக்க ஓரமே இல்லை. தகரத்தில் வரப்புதான் எல்லாம். இரண்டு விளிம்பையும் கொக்கி மாதிரி மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டித் தட்டினால்தான் மூட்டு நிற்கும். அதற்கென்று ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டே வெட்ட வேண்டும். கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு இன்னொரு டின் வாங்கப் போனேன்.

இரண்டாவது கூடு தேறியது. கடப்பாரையைப் படுக்கப் போட்டு அதன் மேல் வைத்து மடித்தேன். சாய்வாக ஒரு கூரை, முன்னால் கம்பியைக் கீலாகக் கோத்து ஒரு தகரக் கதவு. ஏற்றிக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டி அணைந்துபோயிற்று. கூரைக்கு அடியிலும் கீழ்ச்சுவரிலும் ஆணியால் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டேன். பிறகு நின்று எரிந்தது. முறத்தால் விசிறினேன், அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை. காட்டத்தான் ஆள் இல்லை.

திருநாள் சாயங்காலம் கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. எல்லாம் அணைந்தது. நான் உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்திய கூட்டை அவள் சிலுவையடியில் வைத்துவிட்டு, எட்ட இருந்த பூவரச மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். ஓட்டை வழியே தெரிகிற கீற்று அங்கே இருந்த எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் உள்ளே எரிகிறது என்று எனக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அம்மாள் ஒருத்தி, பனித்திட்டு ஊர்ப் பக்கத்தவள் என்று பிறகுதான் தெரிந்தது, தன் பிள்ளையின் கல்லறையில் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவள், என் மனைவியின் சிலுவையண்டை நின்றாள். மடியிலிருந்து மெழுகுவத்தி ஒன்றை எடுத்தாள்.

"பாவம், மத்ததுல அணைஞ்ச மெழுவத்தியாவது கீது, இதுல அதுவும் காணோம். இவங்களுக்கு யாரும் இல்ல போலக்கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது காற்றோடு என் காதில் விழுந்தது.

நான் எப்படி எழுந்து ஓடினேன் என்று தெரியாது. "யாரு சொன்னது யாரும் இல்லன்னு? அவளுக்கு நான் கீறேன்! இத்தப் பாரு!" என்று கத்திக்கொண்டே கூட்டின் கதவை விரியத் திறந்தேன். அவ்வளவு நேரமும் வெளியே நின்ற காற்று ஒரே பாய்ச்சலாக உள்ளே போயிற்று. விளக்கு அணைந்தது.

என் கோபத்துக்கு நானே கொடுத்த கூலி. அந்த அம்மாள் குனிந்து, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக் காற்றை மறித்துக்கொண்டாள். "ஏத்துபா" என்றாள். நமத்த குச்சிகள் சில வீணாகி, ஒன்று பற்றியது. ஏற்றிக் கதவைச் சாத்தினேன். ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "எரியுது, நல்லா எரியுது" என்றாள்.

பிறகு நிமிர்ந்து, "அந்தப் பொண்ணுக்கு நீ கீற. சரி. உனுக்கு வூட்ல யாருபா கீறாங்க?" என்று கேட்டாள்.

என் மனைவி போனதிலிருந்து யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்?

"யாருமில்லம்மா" என்றேன். சொல்லிவிட்டு, அந்த முன்பின் தெரியாத மனுஷிக்கு எதிரே சத்தம் போட்டு அழுதேன்.