கண்ணாடித் தகட்டில் என் மூக்குத்தி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஞாபகமும் இப்போது விட்டு விட்டுத்தான் வருகிறது. கல்கத்தாவில் இருக்கிற நம் தமிழ்க்காரர்கள் போடுகிற மலருக்கு, பழைய சமாச்சாரம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நாலு பேர் எதிரில் பேசுவதைவிட எழுதுவது தேவலை என்று ஒப்புக்கொண்டேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகி காளிகாட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயசு இருக்கும். எங்கள் வீட்டுக்காரருக்கு கார்டன் ரீச்சில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மாமியாரும்தான்; மாமியாரை அத்தை என்பேன். மாடியில் ஒரு வங்காளி அம்மாள் குடியிருந்தாள். மாஷிமா என்று கூப்பிடுவோம், நம்மில் சித்தி என்கிற மாதிரி. குழாயடியில் அவளிடம்தான் நான் வங்காளம் கற்றுக்கொண்டேன். டான் என்றால் வலது, பா என்றால் இடது என்று என் கையைப் பிடித்து ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுப்பாள்.

என் மூக்குத்தியைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர்கள் பெண்கள் இடது மூக்கில் போடுவார்கள், நாக்சாபி என்பார்கள். எனக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி வலது மூக்கு.

"உங்க ஊர்த் தட்டான் கண்ணாடியில பார்த்துக் குத்தினானா?" என்று கேட்பாள்.

அதை நான் தமிழில் சொன்னதும், "எங்க தட்டானுக்குக் கண்ணு நேராத்தான் தெரியும், அவ கண்ணைப் பார்த்துக்கிடச் சொல்லுட்டி" என்பாள் அத்தை. இரண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. அத்தை சொன்னதை அவளிடம் திருப்பிச் சொல்லாமல் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் எனக்கு முகத்தில் வலி வந்தது. மூக்குக்கு இரண்டு பக்கமும், கண்ணுக்கு அடியில் இடிக்கும். எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெளியே வீக்கமும் இல்லை. வாயில் மட்டும் ஒரு கெட்ட ருசி ஊறிக்கொண்டே இருக்கும். கோயில் சந்தில் பல் பிடுங்குகிற ஒருவன் இடது பக்கம் மேல்பல் ஒன்றைப் பிடுங்கினான். பல் நல்ல பல்லாக இருந்தது. வலி போகவில்லை.

அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே இருக்கிற எலும்பைப் படம் பிடிக்கிற மிஷின் அங்கே வந்திருந்தது. உடம்பில் ஒரு நகையும் இருக்கக்கூடாது என்றார்கள். தோட்டைக் கழற்றி அத்தை மடியில் முடிந்துகொண்டாள். தாலியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டாள். மூக்குத்தித் திருகாணி மட்டும் அசையவில்லை. குத்தின நாளிலிருந்து கழற்றினதே கிடையாது. "விடுட்டி, அதாவது கிடக்கட்டும். மூளி மூக்கோட ஆஸ்பத்திரியில படுக்கணுமா" என்றாள் அத்தை. குப்புறப் படுக்கவைத்து, தலையைத் துணியால் கட்டி, மூச்சை அடக்கச் சொன்னார்கள். மிஷின் சடசடவென்று பொரிந்தது. அவ்வளவுதான், வலிக்கவில்லை.

மறுபடி போனபோது பெரிய டாக்டர் எங்கள் வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். மேல்தாடை எலும்புக்குள் ஒரு பல் முளைக்காமல் குறுக்கே கிடக்கிறது, அதைச் சுற்றிப் பை மாதிரி கட்டி எலும்பைத் தின்கிறது. அந்தப் பக்கம் திறந்து எடுக்கவேண்டும். சில பற்களும் கொஞ்சம் எலும்பும் அதோடு போகும். அந்தப் பக்கத்தால் மெல்ல முடியாது, மறு பக்கத்தை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றாராம். எந்தப் பக்கம் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. டாக்டருக்குத் தெரியாதா என்ன!

ஆபரேஷன் அன்று என்னை ஒரு பெரிய கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். படிப்படியாக பெஞ்சி போட்டு டாக்டருக்குப் படிக்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனையும் ஆம்பிளைகள். அவரையும் அத்தையையும் வெளி வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் ஒரு ஆயா மட்டும்தான். நான் முந்தானையை இழுத்து மூக்கு வரைக்கும் போர்த்திக்கொண்டேன். ஒரு சின்ன டாக்டர் வாயைத் திறந்து பார்த்தபோதும் மூக்கை மூடின கையை நான் எடுக்கவில்லை. சந்துக்காரன் பிடுங்கின பல் இருந்த ஓட்டையை அவர் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, என் இடது கன்னத்தில் மையால் ஒரு கோடு போட்டார்.

பெரிய டாக்டர் மிஷின் படம் விழுந்திருந்த கண்ணாடித் தகட்டை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அதில் இருந்தது நான்தான். கண் இருந்த இடத்தில் குழி, பல்லெல்லாம் இளித்துக்கொண்டு. உயிரோடு இருக்கும்போதே இதைப் பார்க்கவேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு பளிச்சென்று இருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, அதே பக்கம், எலும்பில் கறுப்பாக வட்டம்.

பெஞ்சியிலிருந்து ஒருவர் என்னமோ கேட்டார். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே அந்தப் பொட்டில் விரலை வைத்தார். அவர் பேசின இங்கிலீஷ் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் இரண்டு வார்த்தைதான் வங்காளம். "நாக்சாபி" என்றார். "பா" என்றார்.

 குழாயடியும் மாஷிமா சிரிப்பும்தான் காதில் கேட்டது. பொட்டு மூக்குத்தி. பொட்டு இருக்கிற பக்கம்தான் வியாதி. பெண்பிள்ளை என்றால் இடது மூக்கு என்று நினைத்து, அதை இடது பக்கமாக வைத்துப் பார்க்கிறார்கள். கண்ணாடித் தகட்டை எப்படித் திருப்பினாலும் படம் தெரியும் அல்லவா? இடது பக்கத்தை அறுத்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்று வலதையும் அறுத்தால், அப்புறம் நான் எதைக் கொண்டு தின்பேன்?

ஆயா மயக்க மருந்துத் துணியைக் கையில் எடுத்துவிட்டாள்.  வாயில் தமிழும் வரவில்லை, வங்காளமும் வரவில்லை. முந்தானையை முகத்திலிருந்து இழுத்துக் கீழே போட்டேன். வலது மூக்கைத் தொட்டேன்.

"டான்" என்றேன்.

ஆயா என் கையைப் பிடித்து அமுக்கினாள். "ஏய், அசையாதே." மறுபடியும் தொட்டு, "நாக்சாபி, டான்" என்றேன்.

பெரிய டாக்டர் கிட்டே வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கண்ணாடித் தகட்டை அப்படியே திருப்பிப் பிடித்தார்.  அவரே பஞ்சை நனைத்து என் இடது கன்னத்து மையைத் துடைத்தார். "மா" என்று ஒரு சொல்தான் சொன்னார். அவர்கள் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் அத்தனை பேரும் பெஞ்சியை விட்டு இறங்கி வரிசையாக வந்து என் மூக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மருந்து வாசனை வந்ததும் நல்லதாகப் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பல் வலது பக்கம்தான் இருந்தது.

அந்தத் தகட்டைப் படிக்கிறவர்களுக்குக் காட்ட ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். "வீட்டு மருமக மண்டையோட்டை ஊருக்குக் காட்டுவாகளாக்கும்?" என்றாள் அத்தை. கட்டுப் போட்ட வாயோடு நான் தலையை ஆட்டினேன். வைத்துக்கொள்ளட்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு தகட்டிலும் பக்கம் தெரிய ஈயத்தில் ஒரு எழுத்தை வைத்துப் படம் பிடிக்கிறார்கள் என்று பின்னால் அவர் சொன்னார். என்னால்தான் என்று சொல்லமாட்டேன். வேறு ஊர்களில் முன்னமேயே அப்படி இருந்திருக்கலாம்.

என் வலது கன்னம் இப்போதும் கொஞ்சம் உள்ளே ஒட்டித்தான் இருக்கும். இத்தனை வருஷமும் இடது பக்கத்தால் மென்றுதான் சாப்பிட்டேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பவர்கள் ஒரு உபகாரம் செய்யவேண்டும். அந்த ஈய எழுத்து விஷயம் நிஜந்தானா என்று விவரம் தெரிந்த டாக்டர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். வங்காளச் சொற்களையும் சரிபாருங்கள். முக்கியமாக, நான் வலது என்று எழுதின இடத்தில் எல்லாம் வலதுதானா, இடது என்றது இடதுதானா என்று யாராவது ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிடுங்கள்.