நீர்யானையின் புருவம்

ஒரே வேலையை இரண்டாம் முறை செய்வதென்றால் ரோவெனாவுக்கு வேப்பங்காய். பிலிப்பைன்ஸின் கேஸோன் சிட்டியில் அவள் வேலை பார்த்த அனிமேஷன் ஸ்டுடியோவில் இது எல்லாருக்கும் தெரியும். விடுப்புக் கடிதத்தைக்கூட ஒருமுறைதான் எழுதினாள். பிறகு தேதியை மட்டும் மாற்றி அனுப்பினாள். தம்பிக்குப் பல் பிடுங்க வேண்டுமென்று மூன்றாவது கடிதமும் வந்தபோது, மேற்பார்வையாளர் போயெட் சார், "உன் தம்பி வாயில இன்னும் எத்தன பாக்கி இருக்கு?" என்று கேட்டார்.

அந்தச் சோம்பேறித்தனம்தான் அவளுக்குச் சோறு போட்டது. கணினிப் பொம்மையை அசைப்பவர்கள் ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகச் செய்வதில்லை. கீஃப்ரேம் எனப்படும் சில முக்கியக் கட்டங்களில் கை இங்கே, தலை அங்கே என்று நிலையைப் பதித்தால் நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும். நன்றாக அமைந்த நிலையை நகலெடுத்து இன்னொரு கீஃப்ரேமில் ஒட்டவும் செய்யலாம். இதில் ரோவெனாவை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் அவசரத்தில் மொத்த உடம்பையும் ஒட்டிவிடுவார்கள்; வாசலில் நிற்க வேண்டிய பொம்மை வழுக்கிக்கொண்டே பழைய இடத்துக்குப் போய்விடும். அவள் வேண்டிய உறுப்பை மட்டும் பிடித்து நகலெடுப்பாள்.

ஆனால் இந்தத் திறமை அவளை எங்கேயும் நிலைக்க வைக்கவில்லை. ஆறு மாதம் தாண்டினால் நிரந்தரமாக்க வேண்டுமே என்று, இரண்டு ஸ்டுடியோக்கள் ஐந்தாம் மாதமே கைகுலுக்கி அனுப்பிவிட்டன. இங்கே ஆறாம் மாதம் வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. நிரந்தரமானால் மருத்துவ அட்டை வரும், அதில் அம்மாவின் பெயரைச் சேர்க்கலாம். அம்மாவின் முழங்கால் இரண்டு வருடமாக அந்த அட்டைக்குத்தான் காத்திருந்தது.

இந்த நேரம் பார்த்து, ஸ்டுடியோவுக்குப் படவேலை கொடுத்திருந்த பிர்கிட் மேடத்தின் மின்னஞ்சல் டென்மார்க்கிலிருந்து வந்தது. அவர்களுடைய குழந்தைகள் தொடரில் ஒரு நீர்யானைத் தபால்காரர். வீட்டுக்கு வீடு, தங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். தபால்காரர் வாய் பேசாமல் ஆமென்று காட்ட வேண்டும். கதையில் அவ்வளவுதான் எழுதியிருந்தது. மேடம் கேட்டிருந்தார்: அறுபத்து மூன்று இடங்களில் கேட்கிறார்கள், நீர்யானை ஒரு இடத்தில்கூடப் பதில் சொல்லவில்லை, ஒவ்வொரு முறையும் எதைப் பார்த்துத் திடுக்கிடுகிறது?

ரோவெனா படத்தை ஓட்டிப் பார்த்தாள். கேள்வி வந்தது. நீர்யானை இரண்டு புருவங்களையும் சடக்கென்று தூக்கி இறக்கியது. ஆமென்று பளிச்சென்று சொல்லியாயிற்றே! கைபேசிக்கு முன்னால் அவளே நடித்துப் பார்த்து, ஒருமுறை செய்து, அறுபத்திரண்டு முறை ஒட்டிய புருவம் அது. போயெட் சாரும் ஒவ்வொரு அத்தியாயமாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்தான். மொத்த ஸ்டுடியோவும் பார்த்தது. பிறந்த நாளிலிருந்து ஆமென்பதைப் புருவத்தால் சொல்லிப் பழகிய ஊரில் யாருக்குச் சந்தேகம் வரும்?

செவ்வாய்க்கிழமை வீடியோ கூட்டத்துக்குக் குழுவின் ஒன்பது பேரும் ஒரே மேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பிர்கிட் மேடம் திரையில் வந்தார்.

"இத நீங்க எல்லாரும் பாத்துட்டுத்தான் அனுப்புனீங்களா?"

ஒன்பது பேரும் புருவத்தைத் தூக்கினார்கள்.

மேடம் காத்திருந்தார். பிறகு குனிந்து திரையைத் தட்டினார். "படம் நின்னுடுச்சா? நான் பேசறது கேக்குதா?"

ஒன்பது பேரும் மறுபடி தூக்கினார்கள்.

முதலில் விஷயம் புரிந்தது ரோவெனாவுக்குத்தான். வேலை போனால் போகட்டும் என்று ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். "நாங்க பதில் சொல்லிட்டோம் மேடம். ரெண்டு தடவ."

மேடம் விழித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவர் பூனை மேசையிலிருந்து குதித்து ஓடியது. ஆனால் சிரித்து முடித்ததும், எங்கள் பிள்ளைகளுக்குத் தலையாட்டினால்தான் புரியும், வெள்ளிக்கிழமைக்குள் அறுபத்து மூன்றையும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இந்த முறை ஒட்டி மட்டும் தப்பிக்க முடியவில்லை. புருவம் தூக்குவது கண் இமைக்கும் நேரத்தில் முடியும். தலையாட்ட அதைவிட மூன்று மடங்கு நேரம் வேண்டும். ஒட்டிய ஒவ்வொரு இடத்திலும் பின்னால் வரும் கீஃப்ரேம்களை அவள் கையால் தள்ள வேண்டியிருந்தது. நீர்யானைத் தலை, அதனால் மெதுவாக இறங்கும், தாடை சற்றுத் தாமதமாகப் பின்தொடரும். ஒவ்வொன்றையும் தன் கழுத்தால் ஆட்டிப் பார்த்தே சரிசெய்தாள். ஒரே வேலையை வாழ்க்கையில் முதன்முறையாக அறுபத்து மூன்று தடவை செய்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வேலையை ஒப்படைத்தாள். சாயங்காலம் போயெட் சார் ஒரு தாளை அவள் முன் வைத்தார். "திங்கக்கிழமைலேர்ந்து நீ நிரந்தரம். இனி உன் தம்பி பல்லு பத்தி நான் கேக்க மாட்டேன்," என்றார்.

ரோவெனா ஜீப்னி வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்து பூண்டுச் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். நின்று சமைக்க முழங்கால் விடாது. திரும்பாமலே, செல்லப் பெயர் சொல்லிக் கேட்டாள்.

"நிரந்தரமாப் போட்டாங்களா, வெங்?"

ரோவெனா தலையை ஆட்டினாள். மூன்று நாள் பழக்கத்தில் அது மெதுவாக இறங்கி, தாடை தாமதமாகப் பின்தொடர்ந்து, நீர்யானை மாதிரியே ஆடியது.

திரும்பிப் பார்த்த அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. "சரி விடு. கழுத்து பிடிச்சுக்கிச்சா? ஏன் இப்படி ஆட்டுற? போடலன்னா போடலன்னு சொல்லேன்."

ரோவெனா இரண்டு புருவங்களையும் தூக்கினாள்.

அம்மா அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைக்க மறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முக்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.