கழுதைக்கும் அடிக்கிற மணி

ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழில். அதனால் நாங்கள் ஒன்றும் செய்வதில்லை என்றே ஊர் நினைக்கிறது. இரவு வேலைக்குப் போய் விடிய வந்து, பகல் வெளிச்சத்தில் நித்திரை வராமல் புரளுகிற தாதியும் காவலாளியும் இதை வாசித்தால் தலையாட்டுவார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தலைமன்னார் றெயில் பாதையை றோட்டுக் கடக்கிற இடங்களில் கேற் போடாத கடவைகள் சில உண்டு. மணியும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். அவற்றைப் பராமரிக்கிற ஒப்பந்தக் கொம்பனியில் நான் இரவு ஆள். திரைக்கு முன்னால் இருந்து எந்தக் கடவை சரி, எது பிழை என்று பார்ப்பேன். பிழைத்தால் போய்த் திருத்துவேன். பட்டம் கிடையாது. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் பழைய கணினிகளைக் கழற்றிக் கழற்றிப் பழகியவன்.

கடவைப் பெட்டிக்குள் இரண்டு கணினிகள் இருக்கின்றன. இரண்டும் தனித்தனியாகத் தண்டவாளத்தைப் பார்க்கும். “றெயில் இல்லை” என்று இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால்தான் மணி சும்மா இருக்கும். ஒன்று இல்லை என்று சொல்ல, மற்றது வருகிறது என்றால் மணி அடிக்கும். சந்தேகம் வந்தால் சத்தம் போடு: அதற்குப் படிப்பித்த ஒழுக்கம் அவ்வளவுதான். எங்கள் சனத்துக்குப் பிடிக்காததும் அதுதான்.

சொறிகிற கழுதை

தெருவெல்லாம் திரிகிற மன்னார்க் கழுதைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உடம்பு கடித்தால் அவைக்கு ஒரு கம்பம் வேண்டும். எங்கள் ஊர்க் கடவையில் தண்டவாளத்திலிருந்து வருகிற வயரைக் கட்டிய கட்டைக் கம்பம் அவைக்கு அளவாக அமைந்துவிட்டது. ஒரு கழுதை முதுகைத் தேய்க்க, வயர் தளர, ஒரு கணினி குழம்ப, றெயிலே இல்லாமல் மணி அடிக்கும். நான் கம்பத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தேன். சொறிய இன்னும் வசதியாகப் போய்விட்டது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஓட்டோக்கார ஜெயராஜ், மணி அடிக்க அடிக்கவே கடவையைத் தாண்டுவான். பின்னால் பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவராக இருப்பார்கள். மறித்து ஏசினேன். ஓட்டோவை நிறுத்தாமல் தலையை மட்டும் வெளியே நீட்டினான்: “அண்ணை, உங்கட மணி கழுதைக்கும் அடிக்குது, காத்துக்கும் அடிக்குது. றெயிலுக்கு அடிக்கேக்க சொல்லுங்கோ, நிக்கிறன்.”

சோலரில் கருவாடு

பெட்டிக்கு மேலே சோலர் தகடு இருக்கிறது. பற்றறி ஏறுவது அதில்தான். ஒரு கிழமையாகப் பற்றறி இறங்கிக்கொண்டே போனது. மாற்றினேன், புதுசும் இறங்கியது. பிறகு ஒரு மத்தியானம் நித்திரையைக் கெடுத்துப் போய்ப் பார்த்தால், தகடு முழுக்கக் கீரிமீன் பிளந்து உப்புப் போட்டுப் பரப்பியிருந்தது. உப்புத் தண்ணீர் வழிந்து பெட்டியின் பூட்டுவரை துரு ஏறியிருந்தது.

கடவைக்கு முன்வீட்டு அக்னேஸ் அக்காதான் ஆள். “இது பிள்ளையளின்ர உயிர் அக்கா” என்றேன். அவ மீனைத் திருப்பிப் போட்டபடியே சொன்னா: “வெயில் எல்லாருக்கும் பொதுதானே தம்பி. மணிக்குப் போக மிச்சத்திலதான் நான் காயப்போடுறன்.”

போர்த்திய மணி

திருவிழாக் காலத்தில் ஒரு ஞாயிறு. கடவைக்குப் பக்கத்தில்தான் கத்தோலிக்கக் கோயில். கடற்காற்றின் உப்பு வயருக்குள் இறங்கி, பிரசங்கம் நடக்கும்போது கடவை மணி விடாமல் அடித்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது சத்தமே இல்லை. மணியைச் சாக்கால் சுற்றி, வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முடிச்சு வள்ளத்தில் போடுகிற முடிச்சு, கத்தியில்லாமல் அவிழாது. சிவப்பு விளக்கு தனியே மின்னிக்கொண்டிருந்தது. உச்சி வெயிலில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

கோயில் சபைத் தலைவர் சூசை மாஸ்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, எனக்கு விளங்கப்படுத்தினார்: “நாங்கள் மணியை நிப்பாட்டேல்லைத் தம்பி. பூசை முடியுமட்டும் கொஞ்சம் போர்த்து விட்டனாங்கள்.”

கந்தோரின் தீர்வு

ஊராரின் முறைப்பாடுகள் எங்கள் கொம்பனிக் கந்தோருக்குப் போயின. வயரை நிலத்துக்குள் தாட்டால் கழுதைக்கும் எட்டாது, உப்பும் இறங்காது என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். மேலாளர் ஒரு மடிக்கணினியோடு வந்தார். கதிரையில் இருந்து, குடித்த தேத்தண்ணி ஆறுமுன் வேலையை முடித்தார். இனி இரண்டு கணினியும் “றெயில் வருகிறது” என்றால்தான் மணி அடிக்கும். சந்தேகம் வந்தால் வாயை மூடு.

“சேர், ஒரு கணினியின்ர பதில் பிழைச்சால் ஆக்கள் சாவினம்” என்றேன். அவர் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தார்: “மணி அடிச்சால் முறைப்பாடு வருது. அடிக்காட்டி ஒருத்தரும் முறைப்பாடு தாறேல்லையே.”

அடிக்காத மணி

ஊர் நிம்மதியாக இருந்தது. எனக்குத்தான் திரையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. ஒரு காலை, வேலை முடிகிற நேரம், எங்கள் கடவையில் ஒரு கணினி றெயில் வருகிறது என்றது, மற்றது இல்லை என்றது. கழுதை வயரை அறுத்திருக்க வேண்டும். முந்தின கடவையைத் தாண்டி றெயில் வந்துகொண்டிருப்பதும் திரையில் தெரிந்தது. பள்ளிக்கூட நேரம். மணி அடிக்கவில்லை.

ஜெயராஜுக்குப் போன் எடுத்தேன், அவன் பதில் சொல்லவில்லை. அக்னேஸ் அக்காவுக்குப் போன் எடுத்தேன். “றோட்டில நிண்டு மறியுங்கோ, றெயில் வருது” என்றேன். அவ மீன் கழுவின சட்டியோடு ஓடி, நடுறோட்டில் நின்று அகப்பையால் சட்டியில் அடித்திருக்கிறா. மணியை மதியாத ஜெயராஜ் அக்காவின் வாய்க்குப் பயந்து பிறேக் போட்டான். அவன் திட்டத் தொடங்கும்போது அவனுக்கு முன்னால் றெயில் போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஓட்டோ பிறேக் போட்ட இடத்திலேயே நின்றது. பெட்டியைத் திறந்து வயரைக் கட்டினேன். என் மடிக்கணினியைப் பொருத்தி எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். மேலாளருக்குப் போன் எடுத்து, நடந்ததையும் மாற்றியதையும் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். அக்னேஸ் அக்கா நான் கேளாமலே தகட்டிலிருந்த கருவாட்டை அள்ளினா. ஜெயராஜ் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை. கைபிடியை இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னான்: “கழுதைக்கே அடிக்கட்டும் அண்ணை. நான் நிண்டு பழகிறன்.”

இப்போது மணி மறுபடியும் கழுதைக்கு அடிக்கிறது, முறைப்பாடும் மறுபடியும் கந்தோருக்குப் போகிறது. இரண்டும் ஒழுங்காக நடக்கிற நாட்களில்தான் எனக்குப் பகலில் கொஞ்சமாவது நித்திரை வருகிறது.